புதன்கிழமை மேசையைப் போட்ட அக்காவுக்கு, மூன்றாவது முறையாக

படியேறிப் படியேறிப் பிறர் பிணி தீர்த்த பாதங்களுக்கு உரியவரே! மருந்து போய்ச் சேருமுன் மனத்தைப் போய்ச் சேர்ந்த மாண்பே! கையில் கண்டிப்பும் கண்ணில் கனிவும் கடைசிவரை குறையாமல் காத்த எங்கள் தலைமைச் செவிலியரே! நலவாழ்வு நிலையம் ஒரு பக்கமும் சமூக மையம் மறுபக்கமும் நின்று ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டு, எல்லோரையும் இழுத்து உட்கார வைத்த எங்கள் அன்பு அக்காவே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்குடியிருப்பு மக்களின் நலம் ஒன்றையே நாடி, நலிந்தோரைத் தேடி, நடந்து நடந்து உழைத்துப் பணி நிறைவு பெறும் தங்களுக்கு, தங்களோடு உழைத்த நாங்கள் அனைவரும் கூடி, நெஞ்சம் நெகிழ்ந்து, நன்றியால் நிறைந்து வழங்கும் மடல் இது.

இவ்வளவு எழுதியதும் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எழுதுவது நான்தான், பதிவு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளின் திட்டையும் உங்கள் திட்டையும் ஒரே காதில் வாங்குகிறவள். டாக்டர் எழுதியிருந்தால் அதை வாசிக்க மருந்துக்கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. குடியிருப்பு அலுவலகத்தின் குழாய்க்காரர் அண்ணன் முதல் பத்தியைக் கேட்டுவிட்டு, "கண்ணுல கனிவுன்னு எழுதியிருக்கியே, எந்தக் கண்ணுல? நான் லேட்டா வந்த அன்னிக்கு ரெண்டு கண்ணையும் பாத்தேனே" என்றார். டாக்டர்தான், "இருக்கட்டும்மா, மடல்னா கொஞ்சம் அலங்காரம் வேணும்" என்று சமாதானம் செய்தார். எனவே அலங்காரம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். ஆனால் 'தாங்கள்' என்றே எழுதிக்கொண்டு போனால், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நீங்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். இனி 'நீங்கள்' என்றே எழுதுகிறேன்.

பாராட்டு மடலில் வேண்டுகோள் வைக்கும் வழக்கமில்லை. இதில் ஒன்று இருக்கிறது. கடைசிவரை ஒளித்துவைத்தால் "சுத்தி வளைக்காத" என்பீர்கள், ஆகையால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளை முதல் நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு, மறதி கூடிக்கொண்டே வரும் உங்கள் கணவரைத் தனி ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். உதவிக்கு வரட்டுமா என்று உங்களை இரண்டு முறை கேட்டாயிற்று. முதல் முறை டாக்டர் கேட்டார். "வேண்டாம் டாக்டர், நான் இருக்கேன்ல" என்றீர்கள். இரண்டாம் முறை, வீட்டு உதவிப் பணியாளராக இருக்கும், நாம் எல்லோரும் 'தங்கச்சி' என்று கூப்பிடும் அந்தப் பெண் கேட்டாள். "உனக்குப் போறதுக்கு வேற வீடே இல்லையா?" என்று அவளை வாயடைக்க வைத்தீர்கள். இது மூன்றாவது முறை. மூன்றாவது முறை என்றால் நம்மிடையே என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

வீட்டு விஷயத்தைச் சபையில் வாசிக்கிறாளே என்று நீங்கள் என்னை முறைப்பது எனக்குத் தெரியும். உரியவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். எப்படி வாங்கினோம் என்பதும் பின்னால் வருகிறது.

முதலில் அந்த மேசையின் கதை. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த கணக்கு வாத்தியாரை இங்கே பலருக்கு நினைவிருக்கும். இடுப்பு எலும்பு அறுவை முடிந்து அவர் வீடு திரும்பிய பிறகு வந்த செவ்வாய்க்கிழமை காலையில், அவரைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். நிலையத்திலிருந்து நீங்கள், வீட்டு உதவிக்கு ஒருவர், சாப்பாடு கொண்டுவந்தவர், பயிற்சிக்கு அழைத்துப் போக வண்டிக்கார அண்ணன், குளியலறையில் கைப்பிடி பொருத்தக் குழாய்க்காரர். அந்தச் சின்ன முன்னறையில் நிற்க இடமில்லாமல், சாப்பாடு கொண்டுவந்தவர் வாசலுக்கு வெளியே நின்று தட்டை ஆள் மாற்றி ஆளாக உள்ளே அனுப்பினார். துளைபோடும் இயந்திரத்தின் சத்தத்தில் உங்களுக்கு ரத்த அழுத்தம் கேட்கவில்லை. கேட்டபோது, அது எகிறிப்போயிருந்தது. ஏறியதற்குக் காரணம் நாங்கள்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. செவ்வாய்க்கிழமைதான் அத்தனை பேர் போனார்களே, பிறகு யாராவது போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். சனிக்கிழமை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, வெளியே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பாதி நாள் தரையிலேயே கிடந்தார்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் உங்களிடம் கேட்டதை நீங்களே எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். "செவ்வாய்க்கிழமை என் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்துச்சும்மா. சனிக்கிழமை ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்க நாதியில்ல. நீங்கல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கவே மாட்டீங்களா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை, கணக்கு எங்கே பிசகியது என்று தெரிந்துகொள்ளக் கேட்பவர்போலக் கேட்டார் என்று சொல்வீர்கள். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் வாயே திறக்கவில்லை. வண்டிக்கார அண்ணன் பயந்துபோனார். நீங்கள் திட்டாமல் வந்தது அவருக்கு அதுவே முதல் முறை.

அடுத்த நாள் புதன்கிழமை. சமூக மையத்தின் சாமான் அறையில் ஒரு கால் நொண்டியான வட்ட மேசை கிடந்தது. அதை இழுத்துவந்து, நிலையத்துக்கும் மையத்துக்கும் நடுவிலுள்ள தாழ்வாரத்தில், நூலக வாசலுக்கு எதிரே போட்டீர்கள். போகிற வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். "டீ நான் தரேன். வாயை நீங்க கொண்டுவாங்க" என்று எல்லோரையும் கூப்பிட்டீர்கள். அப்போது புதிதாக வந்திருந்த நம் டாக்டர் நின்றுகொண்டே, "எனக்கு நேரமில்ல சிஸ்டர், சீக்கிரம் சொல்லுங்க" என்றார். "உக்காருங்க டாக்டர். நீங்க நிக்கிறதைப் பாத்து நோய் பயந்து ஓடிடாது" என்றீர்கள். அன்று உட்கார்ந்தவர்தான், இன்றுவரை புதன்கிழமையானால் அவருடைய நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது. மேசையின் கால் மட்டும் இன்னும் நொண்டிதான். சரி செய்து தருகிறேன் என்று குழாய்க்காரர் சொல்லாத வாரமில்லை.

அந்த மேசையில் நீங்கள் வைத்த சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் கறாரானவை. ஒருவருடைய வீட்டுக்குப் போகாமல் அவரைப் பற்றிப் பேசக் கூடாது. "சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லாத. போனியே, என்ன பாத்தே, அதைச் சொல்லு" என்பீர்கள். அடுத்தது, யார் வந்து உதவி கேட்டாலும் கேட்டதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும், பால் போடுகிறவர் கேட்டாலும், பள்ளிக்கூடம் போகும் குழந்தை கேட்டாலும், போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, "சரி, யாரு போறது?" என்பீர்கள். யாராவது ஒருவர் "நான்" என்று சொல்லும்வரை அடுத்த வீட்டுப் பேச்சை எடுக்க விடமாட்டீர்கள். டாக்டர் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து போகலாமே என்றார். "எல்லாரும் போனா யாரும் போகாத மாதிரிதான்" என்று அந்தப் பேச்சையே முடித்துவைத்தீர்கள்.

காலில் ஆறாத புண்ணோடு அலைந்த பேருந்து ஓட்டுநரை எப்படி மறப்பது? கட்டுப் போட வரச்சொன்னால் வரமாட்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது, டாக்டர் காலை இழக்க நேரிடுமோ என்று கவலைப்பட்டார். நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், எழுந்து நடக்க முடியாத அம்மா கட்டிலில் இருக்கிறார், அவரை விட்டுவிட்டு மனுஷன் எப்படி வருவார்? மேசையில் "யாரு போறது?" என்று கேட்டதும் கை தூக்கியவர் நம் நூலகர். அவர் வாரம்தோறும் போய் அந்த அம்மாவுக்குத் துப்பறியும் கதை வாசித்தார். அந்த நேரத்தில் மகன் இங்கே வந்து கட்டுப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில், மகன் சீக்கிரம் திரும்பிவிட்டால் அம்மாவுக்கு எரிச்சல். "அதுக்குள்ள வந்துட்டியா? கொலை பண்ணினது யாருன்னு இன்னும் தெரியலடா. போய் மெதுவா வா" என்று விரட்டிவிடுவாராம். கால் ஆறியது. நூலகர் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

இனி அந்த மூன்று முறைக் கணக்கு. இரண்டாம் மாடியில் இருந்த ஒரு பெண்ணுக்கு இருமல் விடவே இல்லை. டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு புதன்கிழமை அவர் அதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, குழாய்க்காரர், "அந்த வீட்டுச் சுவரை நான் ரெண்டு தடவை பூசியிருக்கேன் டாக்டர். மேல் வீட்டுல குழாய் கசியுது, சுவரெல்லாம் பூஞ்சை. மேல இருக்கிறவர் கதவைத் திறக்க மாட்டேங்கிறாரு, நான் என்ன பண்ண?" என்றார். டாக்டர் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு, "இதை ஏன்யா இவ்வளவு நாள் சொல்லல?" என்றார். "நீங்க இருமல்னுதானே சொன்னீங்க, எந்த வீடுன்னு இன்னிக்குத்தானே சொன்னீங்க" என்றார் இவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததும், நீங்கள் மட்டும் சிரிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மேல்வீட்டுக்காரர் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்தே வேண்டாம் என்றார். உடன் வந்த தங்கச்சி, விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று சொன்னாள். அப்போது நீங்கள் படியிறங்கிக்கொண்டே சொன்னதுதான் எங்கள் எல்லோருக்கும் பாடமாயிற்று. "முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்றது. ரெண்டாவது வேண்டாம் வெட்கத்துல சொல்றது. மூணாவது தடவையும் வேண்டாம்னா, அது அவங்க முடிவு. அப்புறம் நாம போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது." இரண்டாம் முறையும் அதே வேண்டாம்தான். மூன்றாவது முறை போனபோது, குழாய் பார்க்க வந்தோம், உதவி செய்ய வந்தோம் என்றெல்லாம் நீங்கள் சொல்லவில்லை. "ஐயா, மூணு மாடி ஏறிட்டேன், முட்டி விட்டுப்போச்சு. உக்கார ஒரு நாற்காலி குடுப்பீங்களா?" என்று கேட்டீர்கள். கதவு திறந்தது. உள்ளே கூரைவரை பழைய செய்தித்தாள் கட்டுகள். மனைவி போன பிறகு எதையும் வெளியே போட அவருக்கு மனம் வரவில்லை. பார்த்தால் சிரிப்பார்களே என்று யாரையும் உள்ளே விடவுமில்லை. நாற்காலியின்மேலிருந்த கட்டை அவரே இறக்கிவைத்து, உங்களை உட்காரச் சொன்னார். குழாய்க்காரர் உள்ளே போய்க் கசிவை அடைத்த பிறகு, கீழ்வீட்டுப் பெண்ணின் இருமல் அந்தப் பருவத்தோடு நின்றது. மேல்வீட்டுக்காரர் இன்று நூலகத்தில் செய்தித்தாள்களை அடுக்கிவைக்கும் தொண்டர். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். கை தட்டுவதில் அவர்தான் முந்துவார்.

உங்கள் குணங்களை வரிசையாக எழுதச் சொன்னார்கள். நான் எழுதிப் பார்த்தேன், பொறுமை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொறுமை உங்களுக்கு எப்போதும் கிடையாது, அக்கா. வரிசையில் முந்துகிறவரிடம் இல்லை, மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவரிடம் இல்லை, பதிவு மேசையில் கைபேசி பார்ப்பவளிடம் சுத்தமாக இல்லை. ஆனால் பயந்துபோய் வருகிறவரிடம் மட்டும் அது எங்கிருந்தோ வந்துவிடும். ஊசிக்குப் பயந்து அழும் கட்டுமஸ்தான ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வீட்டு நாயைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு நாயைக் கண்டால் ஆகாது என்று எங்களுக்குத்தான் தெரியும். உங்கள் திட்டுக்குப் பயந்து நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம் என்பது உண்மை. உங்கள் திட்டு இல்லாத நாளில் எங்களுக்கு என்னவோபோல இருந்தது என்பதும் உண்மை. உங்களை எங்களுக்கு மிகவும் பிடிக்கும், அக்கா. முகத்துக்கு நேரே சொன்னால் "போய் வேலையைப் பாரு" என்பீர்கள் என்பதால், இத்தனை ஆண்டுகளும் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

இனி ஐயாவைப் பற்றி, அதாவது உங்கள் கணவரைப் பற்றி. போன ஆண்டிலிருந்து காலையில் வரும்போது அவரையும் கூட்டிவந்து நூலகத்தில் உட்கார வைத்தீர்கள். "வீட்டுல பொழுது போகலையாம், பேப்பர் படிக்கட்டும்" என்றீர்கள். சில நாளிலேயே நூலகருக்குப் புரிந்துவிட்டது, ஐயா காலை முழுவதும் ஒரே பக்கத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று. அவர் வண்டிக்கார அண்ணனிடம் சொன்னார், அண்ணன் தங்கச்சியிடம் சொன்னார், இப்படி எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நீங்கள் வேண்டாம் என்றது அதற்குப் பிறகுதான். மேசையில் வைத்துப் பேசியிருக்க வேண்டிய விஷயம். ஆனால் மேசையை நடத்துகிறவர் நீங்கள். உங்கள் வீட்டைப் பற்றி உங்கள் எதிரிலேயே எப்படிப் பேச்சை எடுப்பது? ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

பேசாமல், எங்களால் ஆனதைச் செய்துகொண்டிருந்தோம். நூலகர் காலையில் கதவைத் திறந்ததும் ஐயாவுக்கு ஒரு டீ கொடுப்பார். அவர் உள்ளே போன பிறகு வண்டிக்கார அண்ணன் வந்து, பாவம், தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு டீ. நான் பதிவு மேசையிலிருந்து கொண்டுபோய் ஒன்று. முதல் வீட்டு வேலை முடித்து வரும் தங்கச்சி ஒன்று. குழாய்க்காரர் சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒன்று. டாக்டர், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, தம் அறையிலிருந்து ஒரு காபி. ஐயா நல்ல மனிதர், கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். முன்பு குடித்தது நினைவில்லாததால் ஒவ்வொன்றையும் அன்றைய முதல் டீயாகவே ரசித்துக் குடித்தார். நாங்கள் ஒவ்வொருவரும், நாம் ஒருவராவது கவனிக்கிறோமே என்று மனத்துக்குள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அந்த நாட்களில்தான் உங்கள் கண்கள் சிவந்து சிவந்து வந்தன. ஒரு நாள் டாக்டரைத் தனியே கூப்பிட்டு, "இவரு ராத்திரி பூரா தூங்க மாட்டேங்கிறாரு டாக்டர். எழுந்து எழுந்து நடக்கிறாரு. நானும் கூடவே நடக்கிறேன். ஏதாவது மருந்து குடுக்கலாமா?" என்று கேட்டீர்கள். டாக்டர் மருந்து எழுதுமுன் எங்களிடம் வந்து, பகலில் ஐயா டீ, காபி ஏதாவது குடிக்கிறாரா என்று விசாரித்தார். "காலையில ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர், நான் குடுக்கிறதுதான்" என்றார் நூலகர். "நீங்களுமா?" என்றார் வண்டிக்கார அண்ணன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தோம். கடைசியில் டாக்டரும் தம் காபியை ஒப்புக்கொண்டார். மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் அவர் முகத்தில் எப்படி விழித்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தோம். முதலில் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் யார் வீட்டைப் பற்றியும் பேசிக்கொள்கிற நாங்கள், எங்கள் அக்கா வீட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை என்று உறைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது ஐயாவுக்குக் காலையில் ஒரே ஒரு டீ. கொடுப்பவர் நூலகர். மற்றவர்கள் ஆசையை அடக்கிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு கடந்துபோகிறோம். சமீபத்தில் ஐயா கொஞ்சம் தூங்குகிறார் என்று நீங்கள் சொன்னபோது நாங்கள் ஏன் தலையைக் குனிந்துகொண்டோம் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் நீங்கள் வெளியே வீடுகளைப் பார்க்கப் போயிருந்த நேரம். ஐயா நூலகத்திலிருந்து எழுந்து, தாழ்வாரத்தைக் கடந்து, நிலையத்துக்குள் வந்தார். எல்லோரையும்போல எண் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எழுந்து போய்க் கூப்பிட்டதற்கு, "என் நம்பர் இன்னும் வரலம்மா" என்றார். முறை வந்ததும் என் எதிரே வந்து நின்றார். சட்டையை இஸ்திரி போட்டுக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டிருந்தீர்கள்.

"வீட்டுக்கு ஒருத்தர் வந்து பாக்கணும்" என்றார்.

"யாரை ஐயா பாக்கணும்? உங்களையா?"

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன். வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. என்னைப் பாத்துக்கிறாங்க. ராத்திரி நான் எழுந்தா அவளும் எழுந்துடுறா. சமையலறையில சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. என்னம்மான்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா. ஊர்ல எல்லாரையும் போய்ப் பாக்கிறா. அவளைப் பாக்க யாருமே வரலையே."

பதிவேட்டைத் திறந்து, வருகிற எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன். "அவங்க பேரு என்ன ஐயா?"

ரொம்ப நேரம் யோசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "பேரு இப்ப வாய்க்கு வரல. வந்ததும் சொல்றேன். நீங்க முதல்ல ஆளை அனுப்புங்க" என்றார்.

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொல்லுவா. சரியான பிடிவாதக்காரி. அதுக்காக விட்டுட முடியுமா?"

நூலகர் வந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். அன்று மாலையே நீங்கள் இல்லாமல் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். இதைச் சபையில் வாசிப்பதா வேண்டாமா என்று நெடுநேரம் பேசினோம். கடைசியில் ஐயாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. கேட்டது மறந்துபோயிருக்கும் என்பதால், ஒரு நாள் நான் கேட்டேன், மறுநாள் டாக்டர் கேட்டார், அடுத்த நாள் தங்கச்சி கேட்டாள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறவர்போல முழுவதையும் கேட்டு, யோசித்து, ஒரே பதிலைத்தான் சொன்னார். "எல்லார் முன்னாடியும் வாசிங்க. தனியா சொன்னா அவ கேக்க மாட்டா."

நாளை புதன்கிழமை. முதலில் பேசப்போவது உங்கள் வீட்டைப் பற்றி. "யாரு போறது?" என்று கேட்க நீங்கள் இருக்க மாட்டீர்கள், ஆனால் கை தூக்க ஆட்கள் இப்போதே தயார். வாரத்தில் இரண்டு காலை தங்கச்சி வருவாள். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கலாம், திட்டவும் செய்யலாம், அவளுக்குப் பழக்கம்தான். உங்களுக்குப் பதிலாக வண்டிக்கார அண்ணன் ஐயாவை நூலகத்துக்குக் கூட்டிவருவார். ஐயாவின் நாற்காலியை நூலகர் யாருக்கும் தருவதாக இல்லை. குழாய்க்காரர் உங்கள் குளியலறையில் கைப்பிடி பொருத்துவார், சொன்ன நாளிலேயே வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "சிஸ்டருக்கு யாராவது பிரஷர் பாத்திருக்கீங்களா?" எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதையும் பார்க்க வேண்டும்.

இதற்கும் நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் திரும்பிவிடுவோம். மனம் கேட்காது, ஆனாலும் திரும்பிவிடுவோம். உங்களிடம் வேலை கற்றவர்கள் நாங்கள்.

படியேறிய பாதங்கள் இனிப் பாயில் நீட்டிப் பழகட்டும்! பிறர் துயிலுக்காகத் துயில் துறந்த கண்கள் விடியும்வரை விழிக்காமல் உறங்கட்டும்! நாடி பார்த்த கரங்களை நலம் கேட்கும் கரங்கள் நாளும் பற்றிக்கொள்ளட்டும்! நோயும் நொடியும் உங்கள் வாசலுக்கு வந்தாலும், வரிசையில் நின்று எண் எடுத்து, நெடுநாள் காத்திருந்து, அலுத்துப்போய்த் திரும்பட்டும்! ஐயாவும் நீங்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வேண்டும் மட்டும் வாழ்ந்து, வாழ்வது அலுக்காமல் வாழ வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் மனமார வேண்டுகிறோம்.

பதிலை எங்களிடம் சொல்ல வேண்டாம், அக்கா. கேட்டவர் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
நலவாழ்வு நிலையத்தாரும் சமூக மையத்தாரும்,
குடியிருப்பு அலுவலகத்தாரும் நூலகத்தாரும்,
வீட்டு உதவிப் பணியாளர்களும் வண்டி ஓட்டுநர்களும்